வாயிற்படியில் அமர்ந்தவர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மக்களாட்சியில் தனிமனித உரிமையும் சமூக ஒற்றுமையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, சற்றே தயங்கினேன். பல்கலைக்கழக மண்டபத்துக்கு உரிய பொருளாயிற்றே, வடையும் பாயசமும் மணக்கும் நம் ஆண்டு விழாவுக்கு இஃது ஏற்குமோ என்று ஐயுற்றேன். பின்னர் ஒருநாள் மாலை ஜூ டவுன் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது அவ்வையம் நீங்கிற்று. நான் சொல்லவேண்டியவற்றில் பெரும்பகுதி அத்தெருவிலேயே இருக்கக் கண்டேன்.

நாம் அடிக்கடி கடந்து செல்லும் தெருதான் அது. மிளகும் சுக்கும் ஏலமும் மணந்த கிடங்குகள் பல, இன்று பழம்பொருட் கடைகளாக மாறிவிட்டன. வெளிநாட்டுப் பயணிகள் விலை கேட்கிறார்கள். நம் வீட்டுப் பரணிலே கிடந்து, நாம் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்ட பித்தளைக் குத்துவிளக்கு அங்கே கண்ணாடிப் பேழைக்குள் வீற்றிருக்கிறது. தெரு முடியும் இடத்தில் பரதேசி யூதர் ஜெபாலயம் நிற்கிறது. 1568இல் எழுப்பப்பெற்றது. அதனை அடுத்து மட்டாஞ்சேரி அரண்மனை. அரண்மனை வளாகத்தில் பழையன்னூர் பகவதி கோயில். கோயில் மணியோசையும் ஜெபாலயத்து வேத ஒலியும் ஒன்றுக்கொன்று கேட்கும் தொலைவிலேயே நூற்றாண்டுகளாக இருந்துவந்துள்ளன.

பரதேசி என்ற சொல்லைக் கேட்டு நம் வீட்டுப் பிள்ளைகள் நகைப்பதுண்டு. தமிழ்நாட்டில் அச்சொல் பிச்சை ஏற்பவரைக் குறிக்கும் வசையாகத் தேய்ந்துவிட்டது. அயல் தேசத்தவர் என்பதே அதன் நேர்ப்பொருள். ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த யூதர்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. அந்தப் பொருளிலே பார்த்தால் நாமும் இவ்வூரில் பரதேசிகளே. ஃபோர்ட் கொச்சியின் டோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் நம் தமிழ் வண்ணார் குடும்பங்களும் பரதேசிகளே. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள் என்று மட்டாஞ்சேரியில் குடியேறாதார் யார்?

அந்த ஜெபாலயத்தில் பாதுகாக்கப்பெற்ற செப்பேடுகளைப்பற்றித் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், யூசுப் இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வழங்கியவை அவை. எழுத்து, வட்டெழுத்து. மொழியைத் தமிழ் என்பாரும் உளர். பழைய மலையாளம் என்பாரும் உளர். அந்த வழக்கை இன்று நான் தொடப்போவதில்லை. வீடு திரும்ப வேண்டுமல்லவா! அஞ்சுவண்ணம் என்னும் உரிமையும், பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை ஆகிய சிறப்புகளும் அவ்வேடுகளில் அளிக்கப்பெற்றன. கடல் கடந்து வந்த ஒரு சிறு கூட்டத்தாருக்கு வேந்தன் இத்துணை மதிப்பு நல்கினான். யூதர்கள் உலகின் பல பகுதிகளில் விரட்டப்பட்டும் கொல்லப்பட்டும் வந்த நூற்றாண்டுகளில், இந்தியரால் பெரும்பாலும் துன்புறுத்தப்படாமல் அவர்கள் வாழ்ந்த மண் இது. இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், பெருமைப்படத் தக்கதே.

ஆனால் அன்று மாலை எனக்கு எழுந்த வினா வேறு. மன்னன் உரிமை அளித்தது சமூகத்துக்கு. அந்தச் சமூகத்துக்கு உள்ளே இருந்த தனிமனிதனுக்கு என்ன கிடைத்தது?

இவ்வினாவுக்கு விடையாக ஒரு பெரியவரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் பெயர் ஆபிரகாம் பராக் சேலம். ஏ.பி. சேலம் என்றால் பழைய கொச்சிக்காரர்கள் அறிவார்கள். பெயரைக் கேட்டதும் நம் சேலம் மாவட்டத்துக்காரர் என்று யாரும் உரிமை கொண்டாடிவிடாதீர்கள். அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் உறவுச்சொல் அது. 1882இல் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்று, பின்னர் நம் சென்னைக்கு வந்து படித்து, சட்டத் தேர்விலும் தேறினார். கொச்சி யூதருள் முதல் வழக்கறிஞர் அவரே.

அவர் பிறந்த பிரிவினர்க்கு மெஷுக்ராரிம் என்று பெயர். விடுவிக்கப்பட்டவர்கள் என்பது பொருள். முற்காலத்தில் பரதேசி யூதர் வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத சமயத்தை ஏற்று, விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோர் என்று கருதப்பட்டவர்கள் அவர்கள். விடுதலை என்ற சொல்லே பட்டப்பெயராகிப் பரம்பரைதோறும் அவர்களைத் தாழ்த்திற்று. அதே கடவுள், அதே வேதம், அதே ஓய்வுநாள். இருந்தும் ஜெபாலயத்தின் உள்ளே மற்றவரோடு அமர அவர்களுக்கு உரிமை இல்லை. முன்கூடத்தில்தான் இருக்க வேண்டும். தோரா என்னும் வேதச்சுருளைப் படிக்க அவர்களை அழைப்பதில்லை. இறந்தால் பரதேசிகளின் இடுகாட்டில் இடமில்லை. கொள்வினை கொடுப்பினை பற்றிக் கேட்கவே வேண்டாம்.

யூத சாத்திரம் இவ்வாறு விதிக்கவில்லை. விடுதலை பெற்றவன் முழு யூதனே என்றுதான் வெளிநாட்டு யூத குருமார்கள் எழுதி அனுப்பினார்கள். பின் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான். சுற்றிலும் சாதி இருந்தது. காற்றில் கலந்த உப்பைப்போல் அது சுவர்களுக்குள் புகுந்தது. நம் நாட்டார் அந்த விருந்தினர்க்கு அளித்த கொடைகளில் இஃது ஒன்றையும் செப்பேட்டில் பொறிக்காமல் விட்டுவிட்டோம்.

சேலம் அவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1925 முதல் 1931 வரை கொச்சி சமஸ்தானத்தின் சட்டசபையில் அவர் உறுப்பினர். 1929இல் லாகூரில், முழு விடுதலையே நம் குறிக்கோள் என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானித்தபோது அங்கே சென்றிருந்தார். எர்ணாகுளத்தில் தொழிலாளருக்காகப் பொதுமேடையில் பேசினார். அரசரின் சபையில் எழுந்து பேசலாம். பேரரசை எதிர்த்துப் பேசலாம். தம் தெருக்கோடியிலுள்ள ஜெபாலயத்தில் எழுந்து வேதம் படிக்க மட்டும் இயலாது. அரசாங்கம் தடுக்கவில்லை, போலீசார் தடுக்கவில்லை. நாள்தோறும் முகம்பார்த்து நலம் விசாரிக்கும் அண்டை வீட்டார் தடுத்தனர்.

அவர் என்ன செய்தார்? சிலகாலம் ஜெபாலயத்தைப் புறக்கணித்தார். பின்னர் திரும்பி வந்து அதன் வாயிற்படியில் அமர்ந்தார். தொழுகைக்கு உள்ளே செல்வோர் அவரைக் கடந்துதான் செல்ல வேண்டும். கல்லெறியவில்லை, வேறு ஜெபாலயம் கட்டிக்கொள்ளவில்லை, வேறு சமயம் புகவும் இல்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்தச் சமூகத்தின் வாசலிலேயே நடத்தினார். 1924-25இல் வைக்கத்தில் நம் பெரியார் முதலியோர் பங்குகொண்ட போராட்டம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காக நடந்தது; இவர் போராட்டம் ஜெபாலயத்தின் உட்புறத்துக்காக நடந்தது. தடைகள் ஒரே நாளில் தகர்ந்துவிடவில்லை. படிப்படியாகவே தளர்ந்தன, 1930களின் பிற்பகுதிக்குள் பழைய கட்டுப்பாடுகள் பல மறைந்தன. திருமணத் தடையோ அதன்பின்னும் நெடுநாள் நீடித்தது. சேலம் அவர்களின் மகன் ஒருவர் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை 1950இல் மணந்தபோது, பம்பாய்க்குச் சென்றே அம்மணத்தை நடத்த வேண்டியிருந்தது. இந்தியா குடியரசான ஆண்டு அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இவரை யூத காந்தி என்று அழைப்பதுண்டு. எனக்கு அப்பட்டம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. காந்தியடிகள் எதிர்த்து நின்ற அந்நியர் ஒருநாள் கப்பலேறிச் சென்றுவிட்டனர். சேலம் எதிர்த்து நின்றவர்கள் மறுநாளும் அதே தெருவில் இருந்தார்கள். அவர் வீட்டுத் துக்கத்துக்கும் அவர்களே வரவேண்டும்.

அன்பர்களே! மக்களாட்சியில் தனிமனிதனுக்கு வரும் ஆபத்து இருவழியில் வருகிறது. மேலிருந்து வருவது ஒன்று. பக்கத்திலிருந்து வருவது மற்றொன்று. மேலிருந்து வருவதை நாம் நன்கறிவோம்; இவ்வூர் நன்கறியும். 1953 செப்டம்பர் 15ஆம் நாள் இதே மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்காலத்தில் வேலைக்கு ஆளெடுக்க, சாப்பா என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்திலே வீசுவார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கியவருக்கு அன்றைக்குக் கூலி. கிடைக்காதவர் வீட்டில் அடுப்பு எரியாது. அம்முறையை ஒழிக்கக் கேட்ட போராட்டத்தில் சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய மூவர் உயிர் துறந்தனர். ஆண்டதோ மக்கள் வாக்களித்து அமைத்த திருவாங்கூர்-கொச்சி அரசாங்கமே.

அடுத்து, 1975 ஜூன் 25ஆம் நாள் பிறந்த அவசரநிலை. கோழிக்கோடு பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச்சு முதல் நாள் விடுதியிலிருந்து போலீசாரால் அழைத்துச் செல்லப்பட்டார், திரும்பவே இல்லை. அவசரநிலையில் உயிருக்கே ஆபத்தென்றாலும் ஆட்கொணர்வு மனு செல்லாது என்று அதே ஆண்டு ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஐவருள் எச்.ஆர். கன்னா என்னும் நீதிபதி ஒருவர் மட்டுமே மாறுபட்டார். தலைமை நீதிபதிப் பதவி பின்னர் அவரைத் தாண்டிச் சென்றது. அவசரநிலை நீங்கியதும் ராஜனின் தந்தையார் ஈச்சர வாரியர், காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைப் போட்டார். 1977 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அம்மாத இறுதிக்குள் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு கல்லூரி ஆசிரியரின் மனு ஓர் ஆட்சியை அசைத்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் 2017இல் உச்ச நீதிமன்றமே தவறென்று தள்ளிற்று.

மேலிருந்து வரும் ஆபத்துக்கு, தாமதமாகவேனும், எதிர்த்து நிற்க ஓர் இடம் உண்டு. மனு எழுத ஒரு முகவரி உண்டு. தேர்தல் உண்டு. பக்கத்திலிருந்து வரும் ஆபத்துக்கு முகவரி ஏது? அது காக்கி உடுத்துவதில்லை. வேட்டி உடுத்து, திருநீறோ திருமண்ணோ அணிந்து, சிரித்த முகத்தோடு வருகிறது. சமூகத்தின் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அரசாங்கத்தின் கொடுமையினும் சமூகத்தின் கொடுமை வாழ்வின் உள்ளறைகளுக்குள் ஊடுருவ வல்லது என்பதை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இலேயே விளக்கினார். அண்ணல் அம்பேத்கர் அதனை நூலிலிருந்து அன்று, தம் உடம்பிலிருந்து அறிந்தவர். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், நம் அரசியற் சட்டம் கிராமத்தை விடுத்துத் தனிமனிதனையே தன் அலகாகக் கொண்டது குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார். அன்று பலர் சினந்தனர். கிராமமே நம் நாகரிகத்தின் தொட்டில் என்றனர். தொட்டிலில் இடம் கிடைத்தவர்கள் அவ்வாறு பேசினார்கள்.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும். பிறர் தெருவைப்பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதை மறைப்பது முறையன்று.

இருபதாண்டுகளுக்கு முன் வடநாட்டில் ஒரு தொழில் நகரத்தில் பணியாற்றி வந்தேன். நூறு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த காலனி. அங்கும் ஒரு சங்கம். நான் அதன் இணைச் செயலாளர். பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு, ஞாயிறு தமிழ் வகுப்பு எல்லாம் குறைவற நடக்கும். ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளை வேறு சாதிப் பெண்ணை மணந்துகொண்டார். பெண்ணும் தமிழ்ப் பெண்ணே, அதே காலனிதான். இரு வீட்டாருக்கும் பூசல் எழுந்தது. காலனியின் அமைதி கெடுகிறது என்று செயற்குழு கூடிற்று. ஒற்றுமையை முன்னிட்டு, நிலைமை சீராகும் வரையில் அந்த மணமக்கள் வீட்டாரைச் சங்க நிகழ்ச்சிகளுக்கு அழைப்பதில்லை என்று ஒரு சுற்றறிக்கை. ஒற்றுமையை முன்னிட்டு என்னும் தொடரை எழுதியவன் நான். நல்ல தமிழ் எழுதுவான் என்று என்னிடம் கொடுத்தார்கள். எழுதிக் கையொப்பமும் இட்டேன்.

யாரும் அவர்களை அடிக்கவில்லை, திட்டவில்லை. கோலத்துக்கு அழைக்கவில்லை, அவ்வளவே. ஓராண்டு கழித்து அவ்வீட்டுப் பாட்டியார் காலமானார். என் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்த அம்மையார். சாவுக்குப் போகவேண்டும் என்று என் மனைவி சொன்னாள். சுற்றறிக்கை சாவையும் சேர்த்துச் சொல்கிறதா என்று நான் அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன்! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாடை புறப்பட்டுவிட்டது. முன்பக்கம் பிள்ளைகள் இருவர். பின்பக்கம் தோள் கொடுத்தவர்கள், அடுத்த தெருப் பஞ்சாபியர் ஒருவரும் தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநரும். நூறு வீட்டுத் தமிழர் காலனியிலே அந்தத் தமிழ் மூதாட்டிக்குத் தோள் கொடுக்க நான்கு தமிழர் இல்லை. அடுத்த மாதமே அக்குடும்பம் ஊரைவிட்டுச் சென்றது. சங்கத்தின் அவ்வாண்டு அறிக்கையில், ஒற்றுமை நிலவிற்று என்று எழுதினோம். ஒருவகையில் உண்மைதான், மாறுபட்டவர் யாரும் மிஞ்சவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழவும் வேண்டும். சமூகத்துக்கென்று ஒழுங்கு வேண்டாமா? ஒரு கூட்டத்தார் தம் வழக்கங்களைக் காத்துக்கொள்ள உரிமை இல்லையா? நம்மைப்போல் சிறுபான்மையாய் வாழ்வோர் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் மொழியும் மரபும் கரைந்து போகாவா? இது பொய்யான அச்சம் அன்று. சட்டமே இவ்விடத்தில் தடுமாறியிருக்கிறது. சமூகத்திலிருந்து ஒருவரை விலக்கிவைப்பதைத் தடுக்கப் பம்பாய் மாகாணம் 1949இல் ஒரு சட்டம் செய்தது. தாவூதி போரா முஸ்லிம்களின் சமயத்தலைவர் அதனை எதிர்த்து வழக்காடினார். 1962இல் உச்ச நீதிமன்றம், விலக்கிவைப்பது சமயத்தின் உள்விவகாரம் எனக் கொண்டு அச்சட்டத்தைச் செல்லாதென்றது. விலக்கப்பட்டவன் தீண்டத்தகாதவன் நிலைக்குத் தள்ளப்படுகிறான் என்று தலைமை நீதிபதி பி.பி. சின்கா மட்டும் மாறுபட்டார். அறுபதாண்டு கடந்து 2023 பிப்ரவரியில் அவ்வினா ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயத்துக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையே மகாராஷ்டிர மாநிலம், சாதிப் பஞ்சாயத்துகள் செய்யும் ஊர்விலக்கைக் குற்றமாக்கி 2016இல் தனிச் சட்டம் இயற்றிற்று. ஆகவே இது முடிந்த வழக்கு அன்று.

என் கருத்து இது. தன் வழக்கத்தைக் காக்கும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டு; ஒருவனுடைய பிழைப்பையும் பிணத்தையும் பணயமாக வைத்து அதைக் காக்கும் உரிமை இல்லை. மாறுபடுபவனைப் பொறுத்துக்கொண்டால் கூட்டம் சிதறிவிடும் என்று அஞ்சுவோர் இக்கேரளத்தில் நடந்த ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 1985இல் ஒரு பள்ளியில், யெகோவா சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியினின்றும் நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அக்குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது. இந்திய ஒற்றுமை அன்று மாலையே குலைந்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். மறுநாளும் நாடு முழுவதும் குழந்தைகள் நாட்டுப்பண் பாடினார்கள்.

மற்றொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. எனக்கு எந்தச் சமூகமும் வேண்டாம், என் உரிமை போதும் என்று கதவைச் சாத்திக்கொள்வது எளிது. இன்றைய நகரங்களில் அத்தகைய கதவுகளே மிகுதி. ஆனால் அவ்வாறு தனித்திருப்பவர் தனித்து இருப்பதில்லை. கையிலுள்ள கைப்பேசி அவரை இன்னொரு கூட்டத்தில் சேர்த்துவிடுகிறது. முகம் தெரியாத அக்கூட்டத்தில் சிந்திக்க அவகாசமில்லை. நம் பக்கமா, எதிர்ப்பக்கமா என்பது ஒன்றே கேள்வி. பழைய ஊர்ப் பஞ்சாயத்தில் விலக்கப்பட்டவனும் ஆலமரத்தடியில் நின்று ஒரு சொல் சொல்ல முடிந்தது. இங்கே ஒரு விரல் பட்டால் ஆளே மறைந்துவிடுகிறார். அவர் சொன்னதும் மறைகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்களாட்சி நாடுகள் இப்பிணியாலேயே இளைக்கின்றன என்று அறிஞர் பலர் எழுதுகிறார்கள். ஆகவேதான் சேலம் அவர்கள் அமர்ந்த இடம் எனக்கு அத்துணை முக்கியமாகப் படுகிறது. அவர் முழுவதும் உள்ளேயும் இல்லை, வெளியேறிவிடவும் இல்லை. படியில் இருந்தார்.

அந்தத் தெருவின் பிற்கதை நீங்கள் அறிந்ததே. சுதந்திரம் வந்தபோது கொச்சி நாட்டில் 2,000க்கு மேற்பட்ட யூதர்கள் இருந்தனர். இஸ்ரேல் பிறந்தபின், 1950களின் நடுவில் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். அக்குடியேற்றத்துக்கு உதவியவர்களுள் சேலமும் ஒருவர். தாம் மட்டும் போகவில்லை. 1967இல் கொச்சியிலேயே மறைந்தார். மறு ஆண்டு, 1968 டிசம்பரில், ஜெபாலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வந்தார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று.

இந்தத் தெருவிலேயே, வெள்ளை யூதர்கள் சமமாக மதியாத மலபார் யூதர்களுக்கும் தனியே ஜெபாலயங்கள் இருந்தன. கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. கட்டடம் கிடங்காகிப் பாழாகி, 2019ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சாரா கோஹன் அம்மையார் காலமானார். தையல்வேலைக் கடையின் வாசலில் அமர்ந்திருந்த அவரை நம்மில் பலர் கண்டிருப்போம். முதுமையில் அவரைத் தாயைப்போல் பேணியவரும், இன்று அவ்வீட்டைக் காட்சியகமாகக் காத்துவருபவரும் ஒரு முஸ்லிம் நண்பரே. 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவா அம்மையாரும் மறைந்தார்.

யூதர் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்மக்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது விதி. அந்த எண் குறைந்தால் முறைப்படியான வழிபாடு நடவாது. பரதேசி ஜெபாலயத்தில், வெளியூரிலிருந்து பயணிகள் வந்தாலன்றி அந்தப் பத்துப் பேர் சேராத நிலை ஏற்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. ஒருகாலத்தில் முன்கூடத்தில் எத்தனை பேரை எண்ணாமல் உட்கார வைத்திருந்தார்கள்! அந்த ஜெபாலயத்தின் தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளை நாமும் விருந்தினரை அழைத்துச் சென்று காட்டுகிறோம். புலம்பெயர்வுக்கு வேறு காரணங்கள் உண்டு. பழைய தடைகளின் விளைவுதான் இது என்று நான் கூறவில்லை. ஆனாலும் அந்த எண்ணிக்கையை நினைக்குந்தோறும் வடநாட்டுக் காலனியில் நான்கு தோள் சேராத அந்தக் காலைப்பொழுது என் முன் வந்து நிற்கிறது.

இப்போது நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். நம் சங்க விதிகளில் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சங்கத்தின் நற்பெயருக்கு ஊறு செய்பவர் என்று செயற்குழு கருதும் உறுப்பினரை, காரணம் காட்டாமலே நீக்கலாம் என்பது அதன் சாரம். இது எங்கிருந்து பிறந்தது என்பது இங்குள்ள அனைவர்க்கும் தெரியும். நம் இளைஞர் ஒருவர் கட்டட நிதிக் கணக்கைச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் கேட்டார். கேட்ட முறை எனக்கும் பிடிக்கவில்லை. பெரியவர்களிடம் பேசும் பணிவு அதில் இல்லை. அன்றிரவே அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவர் தாயார் இவ்வாண்டு விழாச் சமையலுக்கு வரவில்லை. அவர் இல்லாத இரசம் எப்படி இருந்தது என்பதைச் சாப்பிட்ட நீங்களே சொல்லுங்கள்.

அத்திருத்தத்துக்கு எதிராக நான் வாக்களிக்கப் போகிறேன். அதற்கு ஈடாக வேறொரு திருத்தம் எழுதியிருக்கிறேன்: எவரையும் நீக்குமுன் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், பொதுக்குழுவில் அவர் பேச இடமளிக்கவேண்டும், நல்லது கெட்டதுகளுக்கு அவர் வீட்டுக்குப் போவதை எந்தத் தீர்மானமும் தடுக்கலாகாது. மூன்றாவது பகுதி சட்டமொழிக்குப் பொருந்தாது என்று நம் வழக்கறிஞர் நண்பர் சொன்னார். அதை மாற்ற எனக்கு மனமில்லை. என் கருத்தை முன்னரே அறிந்திருந்தும் இம்மேடையை எனக்குத் தந்து, இப்பேச்சை மலரிலும் வெளியிடுவதாகச் சொன்ன செயலாளர் அவர்களுக்கு, அத்திருத்தத்தைக் கொண்டுவந்தவரே அவர் என்பதால், இருமடங்கு நன்றி கூறுகிறேன்.

பொதுக்குழு வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. திருத்தத்தின் படிகள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. அந்த இளைஞர் வீட்டுக்கு நேற்று நானே சென்று அழைத்துவந்தேன். ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பொருளாளர் அவர்கள் கணக்குப் பேரேட்டைக் கொண்டுவருவார். கோலாட்டத்துக்குக் குழந்தைகள் நெடுநேரமாகக் கோலோடு காத்திருக்கிறார்கள்.